இளைஞர் பணிப் படிப்பில் நான்காம் ஆண்டு: ஆஸ்திரேலியாவின் ஆனர்ஸ் ஆய்வு யாருக்கு, எதற்கு?

ஆஸ்திரேலியாவில் இளைஞர் பணியில் பட்டம் வாங்க மூன்று ஆண்டு போதும். அந்தப் பட்டத்தோடு நகராட்சியின் இளைஞர் மையத்திலோ, வீடில்லாத பிள்ளைகள் தங்கும் விடுதியிலோ, பள்ளியிலோ நேராக வேலைக்குச் சேரலாம். அப்படியிருக்க, ‘ஆனர்ஸ்’ என்று இன்னும் ஓர் ஆண்டு இருந்து, ஒரே ஒரு கேள்வியைப் பிடித்து ஆய்வு செய்து, பத்தாயிரம் பதினைந்தாயிரம் சொற்களில் ஆய்வேடு எழுதுவது எதற்கு? மெல்போர்னிலும் சிட்னியிலும் இந்தத் துறைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. “சம்பளம் கூடுமா?” என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பிறகு வருகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், அவர்களோடு அன்றாடம் பழகுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று இந்தத் துறை பிரிந்து கிடக்கிறது. உளவியலும் குற்றவியலும் கல்வியியலும் இளைஞர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை அவர்களோடு கூடைப்பந்து மைதானத்தின் ஓரம் நிற்பவருக்குத் தெரிந்தவற்றில் மிகக் கொஞ்சம்தான் எழுத்தில் வந்திருக்கிறது. அந்த அறிவைப் பணியாளரே ஒழுங்காகக் கேட்டு, சோதித்து, எழுதப் பழகும் முதல் வாய்ப்பு ஆனர்ஸ் ஆண்டு. அதனால்தான் அது முக்கியம். பிஎச்டிக்கு வாசல் என்பதெல்லாம் அப்புறம்.

வேலை எது, படிப்பு எது

இளைஞர் பணியாளர் ஆசிரியர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை, சமூகப் பணியாளரும் இல்லை. அவர்களிடம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை போவது பெரும்பாலும் யாரோ அனுப்பித்தான். இளைஞர் மையத்துக்கு அந்தப் பிள்ளை தானாக வருகிறது. பிடிக்காவிட்டால் நாளைக்கு வராது. இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் இளைஞர் என்றால் 12 முதல் 25 வயது வரை என்று கணக்கு. அங்குள்ள இளைஞர் அமைப்புகளின் கூட்டமைப்பான யாக்விக் 2007-ல் நெறிமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. பெற்றோர், பள்ளி, காவல்துறை, நிதி தரும் அரசு எல்லோருக்கும் முன்னால் அந்த இளைஞரின் நலனை வைப்பதே அதன் அடிப்படை. ஹோவர்ட் சர்கோம்ப் போன்ற ஆஸ்திரேலிய அறிஞர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்ததும் இதைத்தான்.

படிப்பின் வரலாறு அவ்வளவு நீண்டதல்ல. மெல்போர்னின் பிலிப் இன்ஸ்டிடியூட் இதில் முன்னோடி. 1992-ல் அது ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மெல்போர்னில் விக்டோரியா பல்கலைக்கழகமும், பெர்த்தில் எடித் கோவன் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பெயர்பெற்றவை. ஆனாலும் நாடு முழுக்கத் தேடினால் இளைஞர் பணியில் தனிப் பட்டம் தரும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளின் சான்றிதழோடும் டிப்ளமோவோடும் வேலைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். செவிலியருக்கு இருப்பதுபோல் சட்டப்படியான பதிவு முறை இதற்கு இல்லை. ஆகவே “நான்காம் ஆண்டு படித்தால்தான் உரிமம்” என்ற கட்டாயமும் கிடையாது. யாரும் வற்புறுத்தாமல் எடுக்கும் ஆண்டு இது.

நாட்டுக்கு நாடு இந்த ஆனர்ஸ் வேறுபடுவதால் குழப்பம் வரும். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே ஆனர்ஸ் அடங்கிவிடுகிறது. 2010 முதல் அங்கே தொழில்முறை இளைஞர் பணியாளராக அங்கீகாரம் பெறவே ஆனர்ஸ் பட்டம் வேண்டும். இலங்கையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் படித்தவர்களுக்கு இறுதியாண்டு ஆய்வேடு பழகிய விஷயம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைவுப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் படிக்கலாம். ஆஸ்திரேலிய முறைக்கு ஓரளவு நெருங்கியது இதுதான். தமிழ்நாட்டில் இளைஞர் துறைக்கென்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 1993-ல் தொடங்கி, 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. அங்கே பாதை பெரும்பாலும் முதுகலை வழியாகப் போகிறது.

ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு முடித்தபின் தனியாக விண்ணப்பித்துச் சேரவேண்டும். தேசியத் தகுதி வரிசையில் இளங்கலை 7-ம் படி, ஆனர்ஸ் 8-ம் படி, முதுகலை 9, பிஎச்டி 10. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரமாக என்றால் இரண்டு. கடைசி ஆண்டு மதிப்பெண் சராசரி 70-ஐ ஒட்டி இருக்கவேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். அதைவிட முக்கியம், மேற்பார்வையிட ஒருவர் சம்மதிக்கவேண்டும். ‘இளைஞர் பணி ஆனர்ஸ்’ என்ற பெயரிலேயே படிப்பு எல்லா இடத்திலும் இருக்காது. சமூக அறிவியல் ஆனர்ஸ் என்ற பொதுப் பெயரில் சேர்ந்து, இளைஞர் ஆய்வில் இருக்கும் பேராசிரியரிடம் வேலை செய்வதும் சரியான வழிதான்.

எட்டு மாதத்தில் மூன்று மாதம் எங்கே போகிறது?

பிப்ரவரி கடைசியில் தொடங்கி அக்டோபர் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். இடையில் ஆய்வு முறைகள், கோட்பாடு என்று ஒன்றிரண்டு பாடங்கள் ஓடும். பேட்டிக்கும் எழுத்துக்கும் எத்தனை வாரம் என்று கணக்குப் போடுகிற மாணவர்கள் பலர், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு எவ்வளவு ஆகும் என்பதை விட்டுவிடுகிறார்கள். மனிதர்களைக் கேட்டு நடக்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்றால் குழுவின் பரிசீலனை இன்னும் கூர்மை. விண்ணப்பம் எழுத ஒரு மாதம், குழு கூடிக் கேள்வி அனுப்ப ஒரு மாதம், திருத்தி அனுப்பி ஒப்புதல் வாங்க இன்னும் சில வாரம் என்று மார்ச்சில் தொடங்கியது ஜூனில் வந்து நிற்கலாம்.

இதை வெறும் காகித வேலையாகப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளைஞர் பணியின் ஆழமான கேள்விகள் எல்லாம் இந்த விண்ணப்பப் படிவத்துக்குள்தான் இருக்கின்றன.

பதினாறு வயதுப் பிள்ளையின் சம்மதத்தை யார் தருவது? ஆஸ்திரேலியாவில் ஆய்வு நெறிகளுக்கு அடிப்படையாக இருப்பது 2007-ல் வந்து, பின்னர் பலமுறை புதுப்பிக்கப்பட்ட ‘தேசிய அறிக்கை’ என்ற ஆவணம். சாதாரணமாகப் பிள்ளையும் பெற்றோரும் இருவருமே சம்மதிக்கவேண்டும் என்பது அதன் போக்கு. ஆனால் பிள்ளைக்கு விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்து, ஆய்வின் ஆபத்து குறைவாக இருந்து, அதனால் அதுபோன்ற பிள்ளைகளுக்கு நன்மை விளையும் என்றால், பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளையின் சம்மதம் மட்டுமே போதும் என்று குழு முடிவு செய்ய அது இடம் தந்தது. பெற்றோரிடம் கேட்பதே பிள்ளைக்குக் கேடாக முடியும் என்றாலும் அப்படித்தான். இதன் பின்னால் ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1985-ல் பிரிட்டனின் கில்லிக் வழக்கில், வயதை மட்டும் பார்க்காமல் பிள்ளையின் புரிதலைப் பார்க்கவேண்டும் என்ற கொள்கை வந்தது. 1992-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மரியன் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டும் மருத்துவச் சிகிச்சை பற்றிய வழக்குகள். ஆனாலும் இளைஞர் பணியில் அன்றாடம் பயன்படும் சிந்தனை அங்கிருந்து வருகிறது.

வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறவர் அம்மாவின் கையெழுத்து வாங்கிவா என்று சொல்ல முடியாது. அதே சமயம், கையெழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் காவலாக யார் நிற்கிறார்கள்? இதற்குத் தன் பதிலை மாணவர் சொந்தச் சொற்களில் எழுதியாகவேண்டும்.

ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள்

மெல்போர்னின் தென்கிழக்கில் டாண்டினோங் பகுதி. ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. 2012, 2013-ல் படகில் வந்தவர்களும் அவர்களில் உண்டு. சிறு வயதில் வந்து, ஆங்கிலம் படித்து, பள்ளி முடித்து, இன்னும் பிரிட்ஜிங் விசாவிலேயே (முடிவு வரும்வரை தரும் தற்காலிக அனுமதி) இருக்கும் இளைஞர்களும் உண்டு. கூடப் படித்தவர்கள் அரசின் கல்விக் கடனில் பல்கலைக்கழகம் போகிறார்கள். இவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். அங்குள்ள இளைஞர் மையத்தில் வாரம் இரண்டு மாலை வேலை செய்யும் ஒரு மாணவி, ‘பள்ளி முடிந்த முதல் ஆண்டை இவர்கள் எப்படிக் கடக்கிறார்கள்?’ என்று ஆனர்ஸ் ஆய்வு செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருமையான கேள்வி. ஆனால் முதல் சிக்கல் அவரேதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் தெரிந்த அக்கா. அவர் கேட்டால் மறுக்க முடியுமா? மறுத்தால் அடுத்த மாதக் கேம்பில் இடம் போய்விடுமோ என்று ஒரு பையன் மனதுக்குள் நினைத்தாலே அந்தச் சம்மதம் சம்மதமல்ல. ஆகவே அவர் தானே அழைக்கக் கூடாது. மையத்தில் வேறொருவர் தகவல் சொல்லலாம். அல்லது பக்கத்து நகராட்சியின் மையத்தில் ஆட்களைத் தேடலாம். பல்கலைக்கழகத்தின் மாதிரித் தகவல் தாளில் “தங்கள் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது, எவ்விதப் பாதிப்பும் இன்றி விலகிக்கொள்ளலாம்” என்ற பாணியில் ஒரு வரி இருக்கும். பதினாறு வயதுக்காரருக்கு அது எதையும் சொல்லாது. “வேண்டாம் என்றால் வேண்டாம். மையத்துக்கு எப்போதும்போல வரலாம், கேம்புக்கும் வரலாம். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்” என்று எழுதினால் புரியும். இந்த மூன்று வரியை எழுத முடிகிறவர் இளைஞர் பணியாளர்தான். வேறு துறை மாணவருக்கு இது அவ்வளவு எளிதில் வராது.

அடுத்தது வீடு. பேட்டி முடித்து வெளியே வந்தால் அம்மா சமையலறையிலிருந்து கேட்பார்: “பிள்ளை, இவன் உம்மட்டை என்ன சொன்னவன்?” “அதை நான் சொல்லக்கூடாது அன்ரி. விருப்பமெண்டா அவனே சொல்லுவான்.” இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவாகத் தெரியும் வீடுகள் உண்டு. ஆகவே பேட்டிக்கு முன்பே, தேநீர் குடிக்கும்போதே, அம்மாவிடம் இதை விளக்கிவிடவேண்டும். இல்லையென்றால் பையன்தான் இரவு முழுக்கக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

மூன்றாவது, பெயர் மறைப்பது. பெரிய நகரத்தில் நூறு பேரைப் பேட்டி எடுத்துப் பெயரை மாற்றினால் போதும். சின்னச் சமூகத்தில் போதாது. எந்தக் கிரிக்கெட் கிளப், அக்கா எந்தக் கடையில் வேலை, எந்த ஆண்டு வந்தார்கள் என்ற மூன்று விவரம் போதும், கோயிலுக்கு வருகிற யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பம் என்றால் இது வெறும் வெட்கப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. சில நல்ல மேற்கோள்களை ஆய்வேட்டில் போடாமலே விடவேண்டி வரும். அதை விடுவதற்கு மனம் வேண்டும்.

கடைசியாக, ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பையன் எதையோ சொல்லத் தொடங்கிக் குரல் உடைகிறது. மையத்தில் இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று மாணவிக்குத் தெரியும். இங்கே அவர் ஆய்வாளர். முதலில் கருவியை நிறுத்தவேண்டும். அப்புறம் ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஆளைக் கவனிக்கவேண்டும். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேட்டியின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் விக்டோரியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைமீது பெரியவர் ஒருவர் பாலியல் குற்றம் செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், பெரியவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஆனர்ஸ் மாணவி என்பது விதிவிலக்கல்ல.

சுலபமான வழி, அதன் விலை

இவ்வளவும் இருப்பதால் மேற்பார்வையாளர்கள் ஒரு சுலபமான வழியைக் காட்டுவார்கள்: இளைஞர்களை விட்டுவிட்டு இளைஞர் பணியாளர்களைப் பேட்டி எடு. எல்லோரும் பெரியவர்கள், ஆபத்து குறைவு, அனுமதி சீக்கிரம் கிடைக்கும். ஆறு பேர் அல்லது எட்டுப் பேர், ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம். ஆய்வேட்டுக்கு அது போதும்.

இது நல்ல வழிதான். பணியாளர்களின் அறிவு எழுத்தில் வரவேண்டும் என்று மேலே சொன்னவனும் நான்தான். ஆனால் ஆண்டுதோறும் எல்லா மாணவர்களும் இந்த வழியிலேயே போனால், இளைஞர் பணி ஆய்வு என்பது பணியாளர்கள் பணியாளர்களைப் பற்றிப் பேசுவதாகிவிடும். 1989-ன் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. ஆஸ்திரேலியா 1990-ல் அதை ஏற்றது. 1992-ல் ரோஜர் ஹார்ட் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகப் பிரித்தார். கீழே உள்ள மூன்று படிகளில், பிள்ளைகள் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அவர்கள் சொல் எங்கும் ஏறாது. அந்த ஏணியை முதலாண்டிலேயே படித்துவிட்டு, நான்காம் ஆண்டில் ஒரு இளைஞரையும் கேட்காமல் ஆய்வேடு எழுதுவது உறுத்தவேண்டிய விஷயம்.

நடுவழி இருக்கிறது. 18 முதல் 25 வயதுக்காரர்களிடம், பதினாறு வயதில் மையத்தில் என்ன நடந்தது என்று பின்னோக்கிக் கேட்கலாம். சம்மதச் சிக்கல் பாதி குறையும். நினைவு மாறிப்போயிருக்கும் என்ற குறை மட்டும் வரும். அல்லது மூன்று நான்கு இளைஞர்களைச் சிறிய ஆலோசனைக் குழுவாக வைத்து, கேள்வித் தாளை அவர்களிடம் காட்டித் திருத்தலாம். “இதை இப்படிக் கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டாங்க” என்று அவர்கள் சொல்வது பத்துக் கட்டுரை படிப்பதற்குச் சமம். அவர்கள் நேரத்துக்குப் பரிசு அட்டையாவது கொடுக்கவேண்டும்.

யாரையும் பேட்டி எடுக்காமலும் நல்ல ஆய்வு செய்யலாம். ஆஸ்திரேலிய இளைஞர் நெடுநாள் ஆய்வு என்ற தேசியத் திட்டம் 1995 முதல், பதினைந்து வயதுப் பிள்ளைகளை இருபத்தைந்து வயது வரை ஆண்டுதோறும் தொடர்ந்து கேட்டு வந்தது. அந்தத் தரவை ஆய்வாளர்கள் வாங்கிப் பயன்படுத்தலாம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் இளைஞர் ஆய்வு மையம், 1991-ல் பள்ளி முடித்தவர்களை அன்று தொடங்கிப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. படித்து முடித்தால் வேலை, வேலை வந்தால் குடும்பம் என்ற பழைய நேர்கோடு அந்தத் தலைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதை அது காட்டியது. ஓராண்டு மாணவர் அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியாது. ஆனால் அங்கே கண்ட ஒன்றைத் தன் மையத்தில் இருக்கும் ஆறு பேரோடு வைத்துப் பார்க்கலாம். ஆனர்ஸ் கேள்வி சின்னதாக இருப்பதில் தவறே இல்லை. ‘இளைஞர்களும் மனநலமும்’ என்று தொடங்குகிற திட்டம் ஆகஸ்டில் மூச்சு முட்டும்.

காசுக் கணக்கு

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு ஆனர்ஸ் ஆண்டிலும் அரசு மானிய இடமும் கல்விக் கடனும் கிடைக்கும். கடன் தொகை ஓராண்டு கூடும். சமூக சேவைத் துறைக்கான தேசியச் சம்பள விதியான ஸ்காட்ஸ் அவார்ட், மூன்றாம் நிலையில் சேரும் மூன்றாண்டுப் பட்டதாரிக்கு மூன்றாம் சம்பளப் புள்ளியும், நான்காண்டுப் பட்டதாரிக்கு நான்காம் புள்ளியும் குறைந்தபட்சமாக வைத்திருந்தது. நிறுவனம் ஆனர்ஸை நான்காண்டுப் பட்டமாக ஏற்றால் அந்த ஒரு புள்ளி கிடைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம். இன்னொரு குறையையும் சொல்லவேண்டும்: 2025 ஜூலை முதல் ஆசிரியர், செவிலியர், மகப்பேறு செவிலியர், சமூகப் பணி மாணவர்களுக்குக் கட்டாயக் களப்பயிற்சிக் காலத்தில் அரசு உதவி வருகிறது. தொடக்கத்தில் அது வாரம் 331.65 டாலர். இளைஞர் பணி அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றாண்டுப் படிப்பில் சம்பளமில்லாமல் களப்பயிற்சி செய்த மாணவர், நான்காம் ஆண்டிலும் இரவு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆய்வேடு எழுதுகிறார். இது நியாயமில்லை. பகுதிநேரமாக இரண்டாண்டில் முடிப்பதே பலருக்கு நல்லது. அதில் எந்தக் குறைவும் இல்லை.

முதல் வகுப்பு, அதாவது பெரும்பாலான இடங்களில் 80-க்கு மேல், எடுத்தால் முதுகலை படிக்காமலே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அரசின் ஆய்வு உதவித்தொகையின் அடிப்படை அளவு 2025-ல் ஆண்டுக்கு 33,511 டாலர். அதற்கும் போட்டி கடுமை. இளைஞர் மையத்தை விட்டுப் போக விரும்பாதவருக்கு இது எதுவும் தேவையில்லை. நிதி கேட்டு எழுதும்போதும், ‘உங்கள் திட்டத்தால் என்ன பயன்?’ என்று அரசுத் துறை கேட்கும்போதும் ஆதாரத்தோடு பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் மையத்தில் இருப்பதே பெரிய விஷயம்.

எழுதியது யார் கைக்குப் போகிறது என்பது மிச்சம். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ‘யூத் ஸ்டடீஸ் ஆஸ்திரேலியா’ என்ற இதழைப் பணியாளர்களும் படித்தார்கள், மாணவர்களும் அதில் எழுதினார்கள். பிறகு அது நின்றுபோனது. ஆனர்ஸ் ஆய்வேடுகள் பெரும்பாலும் நூலகத்தின் பொதுத் தேடலிலும் வராது. ஆகவே மையத்தின் மேலாளருக்கு இரண்டு பக்கம், பேசிய இளைஞர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு பக்கமோ ஐந்து நிமிட ஒலிப்பதிவோ மாணவரே தயாரித்துக் கொடுக்கவேண்டும். அதற்கு இரண்டு வாரம் வேண்டும். மார்ச்சில் எழுதும் கால அட்டவணையிலேயே அந்த இரண்டு வாரத்தைப் போட்டு, மேற்பார்வையாளரின் ஒப்புதலையும் வாங்கி வைத்துவிடுங்கள். அக்டோபரில் கேட்டால் கிடைக்காது.